அம்மாவின் முதுகும் சமையலறை டியூப்லைட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இந்த முறை நலம் என்று வழக்கத்துக்காக எழுதவில்லை, அம்மாவுக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பதறாமல் முழுதும் படி.

போன மாதம் போனில் அம்மாவுக்கு லேசான இடுப்புப் பிடிப்பு என்றேனே, அது பொய். முதுகெலும்பில் ஒன்று நொறுங்கி அமுங்கியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. எங்கேயாவது விழுந்தீர்களா என்று எலும்பு டாக்டர் கேட்டதற்கு, இல்லவே இல்லை என்று அம்மா அடித்துச் சொன்னாள். விழாமல் எலும்பு ஏன் நொறுங்கும், ஆறு வருடத்துக்கு முன் மார்பில் கட்டி எடுத்தவர் வேறு, அது எலும்புக்குப் பரவியிருக்கிறதா பார்த்துவிடுவோம் என்றார். ஸ்கேனுக்குத் தேதி கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. அத்தனை நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் சொல்ல வாயும் வரவில்லை, மன்னித்துவிடு.

நேற்று ஸ்கேன் டாக்டர் எங்களை உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். கெட்ட நோய் என்றால் எலும்புக்குள் மஜ்ஜை முழுக்க அரித்திருக்கும், பின்பக்கம் உருண்டையாகப் புடைத்திருக்கும், இதில் பாதி மஜ்ஜை பழுதில்லாமல் இருக்கிறது, பின்னால் ஒரு மூலை மட்டும் உடைந்து தள்ளியிருக்கிறது, மற்ற எலும்புகளும் சுத்தம், இது தேய்ந்த எலும்பு அடிபட்டு நொறுங்கியது, உள்ளதைச் சொல்லுங்கம்மா, எப்ப விழுந்தீங்க என்றார். அம்மா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, சமையலறை ஸ்டூல்லேர்ந்து விழுந்தேன், சொன்னா இவர் கத்துவாருன்னு சொல்லலை என்றாள். முப்பது வருடம் செக்கராகப் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவன் நான், என் வீட்டிலேயே ஒருத்தி ஒரு மாதமாகத் தப்பித்திருக்கிறாள். டாக்டர் சிரித்துவிட்டார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

ஸ்டூலில் எதற்கு ஏறினாள் தெரியுமா, நாளைக்கு நாளைக்கு என்று நான் நாலு மாதம் தள்ளிப்போட்ட டியூப்லைட்டை மாற்ற. விழுந்ததற்கும் நான் காரணம், மறைத்ததற்கும் நான்தான்.

இப்போது முதுகுக்குப் பெல்ட், மாத்திரை, பாரம் தூக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்து ஒரு நிச்சயத்துக்காக இன்னொரு படம். அதை நினைத்தால் கொஞ்சம் உதறத்தான் செய்கிறது, ஆனாலும் இன்று மதியம் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். காலையில் டியூப்லைட்டையும் மாற்றினேன். பெல்ட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, பாத்து ஏறுங்க, விழுந்தா மறைக்காம சொல்லிருங்க, நான் கத்த மாட்டேன் என்றாள்.

போனில் அவளைத் திட்டாதே. நீயும் உடம்புக்கு எதுவானாலும் மறைக்காமல் சொல், இனி நானும் கத்த மாட்டேன். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

என்றும் உன்
அப்பா