வரவேற்பறையில் அம்மா

நியூ ஆர்லியன்ஸ்,
3 மார்ச் 1838

செல்லத் தங்கை ஒதீலுக்கு, அக்கா செலஸ்தின் ஆயிரம் முத்தங்களுடன் எழுதுவது.

நீ கேட்டபடி அம்மாவின் படத்தை வரையச் செய்து கப்பலில் ஏற்றிவிட்டேன். ஓவியர் ஒன்பது நாள் வந்தார். முதல் நாளே, "தலைக்கட்ட எடுத்துட்டு லேஸ் தொப்பி வச்சுக்கிட்டா கௌரவமா இருக்கும், மதாம்" என்றார். அம்மா விடுவாளா?

"எங்கள மாதிரி கறுப்பு ரத்தம் கலந்த பொம்பளைங்க முடிய மூடணும்னு கவர்னர் சட்டம் போட்டப்போ எனக்குப் பத்து வயசு. மூடுன்னாங்க, மூடினோம். அவங்க பொண்டாட்டிங்களே வயிறு எரியற மாதிரி மூடினோம். இதோடயே வரைங்க தம்பி, இல்லேன்னா நான் எழுந்து போயிடுவேன்."

மனிதர் தூரிகையை எடுத்துக்கொண்டார். சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட அந்த மதராஸ் துணியை அச்சு அசலாக வரைந்திருக்கிறார்.

பேரன் பிறந்த சேதி வந்ததிலிருந்து அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் எப்போது அங்கே புறப்பட்டு வரலாம் என்று எழுது.

உன் அக்கா
செலஸ்தின்

பாரிஸ்,
20 ஜூன் 1838

அன்பு அக்காவுக்கு,

படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. வரவேற்பறையில் கணப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கண்ணெல்லாம் அதன் மேல்தான். போன வாரம் நடன விருந்துக்கு மூன்று சீமாட்டிகள் அம்மாவைப் போலவே தலைக்கட்டுடன் வந்தார்கள் என்றால் பாரேன்! நானும் கட்டிக்கொண்டேன். எனக்குத்தான் நன்றாக இருந்ததாம். இன்னும் நான்கு துணி அனுப்பக்கா.

அம்மா இப்போது வர வேண்டாம். மாமியார் கூடவே இருக்கிறார். குளிர் வேறு வரும், அம்மாவின் நெஞ்சு தாங்காது. குட்டிப் பயல் ஒக்தாவுக்குப் பல் முளைக்கிறது. எல்லாரையும் கடிக்கிறான்.

உன் தங்கை
ஒதீல்

நியூ ஆர்லியன்ஸ்,
2 நவம்பர் 1838

ஒதீல்,

நம் தெரு வாலேரியான் பாரிஸிலிருந்து திரும்பிவிட்டான். உன் வீட்டு விருந்தில் வயலின் வாசித்தானாம். யாரோ போல அவனைப் பார்த்தாயாம். அது போகட்டும். படத்தில் இருப்பது யார் என்று ஒரு சீமாட்டி கேட்டபோது, விசிறியைக்கூட நிறுத்தாமல், "என்னை வளர்த்த தாதி" என்றாயாம்.

அம்மாவை வைத்துக்கொண்டே அந்த மடையன் இதைச் சொல்லிவிட்டான். அம்மா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"தாதின்னா அவ பிள்ளையத் தூக்க விடுவா, இல்ல? அப்படியே போறேன்டி."

உன்னை நம்பித்தானே அம்மாவின் முகத்தை அனுப்பினேன்? ஊரெல்லாம் கட்டிக்கொண்டு ஆட அந்தத் துணி வேண்டும், அதைக் கட்டியவள் வேண்டாமா? நான் துணி அனுப்பப் போவதில்லை. அம்மா வரலாமா என்று மட்டும் எழுது.

செலஸ்தின்

பாரிஸ்,
15 ஜனவரி 1839

அக்கா,

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. நாம் யார் என்று என் கணவருக்குத் தெரியாது, என்னை வெள்ளைக்காரி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் ஒக்தாவை என்னிடம் விட்டுவைக்க மாட்டார்கள். அம்மாவைச் சுவரிலாவது பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அம்மா வரட்டும். பழைய தாதி வருவதாக வீட்டில் சொல்லிவிட்டேன். சமையலறையை ஒட்டி ஓர் அறை இருக்கிறது, வெதுவெதுப்பாக இருக்கும். என்னை 'மதாம்' என்றுதான் கூப்பிட வேண்டும். இப்போதிருந்தே பழக்கிவிடு. வாய் தவறினால் என் வாழ்க்கை போயிற்று. இதை எரித்துவிடு.

ஒதீல்

நியூ ஆர்லியன்ஸ்,
20 ஏப்ரல் 1839

ஒதீலுக்கு,

உன் கடிதத்தை ஓர் எழுத்து விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கோபப்படவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை.

பழகத் தொடங்கினாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்து எதிரே நின்று, "மதாம், பிள்ளை தூங்கிட்டான். மதாம், பால் ஆறிடுச்சு" என்று நான்கு நாள் சொல்லிப் பார்த்தாள். நன்றாகவே வந்தது. ஐந்தாம் நாள் எனக்கு இருமல் வந்துவிட்டது. "என்னடி கண்ணு, சளியா?" என்று ஓடிவந்து என் நெஞ்சைத் தடவினாள். தடவியபடியே நின்றுவிட்டாள்.

"அவ அங்க இருமினா நான் என்னடி செய்வேன்?"

அன்றைக்கே, பயணத்துக்குக் கட்டிவைத்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். "நான் செத்துட்டேன்னு எழுதிடு. தாதி செத்தா யாரும் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்த மாட்டாங்க. அவளுக்கும் தொந்தரவில்ல" என்றாள்.

அந்தப் பொய்யை நான் எழுத மாட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். ஆனால் அந்தப் பொய் உண்மையாகும் நாளிலும் நான் உனக்கு எழுதப் போவதில்லை. அன்றைக்கும் நீ வண்ண உடையில்தான் இருப்பாய்.

செலஸ்தின்