உறைக்குள் இருக்கும் கை

அம்மா, முதலில் உங்கள் ஆசி வேண்டும். முழங்கால் வலி குறைந்ததா? நான் சௌக்கியம். டெக்சஸில் நம் சான் பெத்ரோவைப் போலவே வெயில்.

சனிக்கிழமை பேஸ்பால் ஆட்டத்தில், பந்து வீசுகிறவன் அசந்த நேரம் பார்த்து மைதானத்தின் இரண்டாம் தளத்துக்கு, அதுதான் செகண்ட் பேஸுக்கு, ஓடினேன். கையை நீட்டித் தலைகுப்புறப் பாய்ந்து, தரையில் பதித்த அந்தத் தளத்தைத் தொட்டுவிட்டேன். அங்கே நின்றவன் ஆணி வைத்த காலணியோடு என் கையை மிதித்துவிட்டான். பெரிதாக ஒன்றுமில்லை.

"டேய், விரலு வெந்த கத்திரிக்கா மாதிரி இருக்குடா. டாக்டர்ட்ட காட்டு" என்றான் என்னோடு அறையில் தங்கும் யூனியோர்.

"காட்டுனா உக்கார வச்சிருவாங்க. உக்காந்தவன் எவனாச்சும் திரும்பி வந்திருக்கானா?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. போன மாதம் அடிபட்டு உட்கார்ந்த எங்கள் அணி எல்வினின் அலமாரியில் இப்போது வேறு பெயர்.

நல்லவேளை, இடது கை. பந்து பிடிக்கும் உறைக்குள்ளேயே இருப்பதால் யாருக்கும் தெரியாது. "நாளைக்கும் நீதான்டா ஓடணும்" என்று பயிற்சியாளர் தோளில் தட்டினார். நாளையும் அந்தக் கையைத்தான் நீட்டிப் பாய வேண்டும்.

மாமா இங்கே வரும்போது எனக்கு இரண்டு சட்டை கொடுத்தனுப்புங்கள். தலை வழியாக மாட்டுவதாக இருக்கட்டும். பொத்தான் வைத்தது வேண்டாம், அம்மா.

பேருந்து கிளம்புகிறது.

உங்கள் வில்மெர்