மீட்டர் காட்டிய எழுபது

அன்புள்ள உனக்கு,

(மற்றவர்கள் முன்னால் 'நீங்க'. காகிதத்தில் 'நீ'தான்.)

கழற்றவில்லை. நீ பொருத்திய பெரிய எண்ணெய் டாங்கு வேனின் பின்பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. "பேசாம கழட்டிடச் சொல்லு" என்று நீ போனில் சொன்னதை உன் தம்பியிடம் நான் சொல்லவே இல்லை. ஏன் என்று போனில் விளக்கினால் 'சரி சரி' என்பாய். எழுதினால் கடைசிவரை படித்தாக வேண்டும்.

முதலில் வீடு. அத்தைக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. பாப்பா 'அப்பா' என்று எழுதக் கற்றுக்கொண்டாள். சுவரில் எழுதுகிறாள். நான் துடைக்கவில்லை.

இனி வண்டி.

குளிர் தொடங்கியதும் மேட்டில் நின்றுவிட்டது என்று சொன்னேன் இல்லையா. உள்ளே டயாலிசிஸுக்குப் போகிறவர்கள். இறங்கித் தள்ளுங்கள் என்று யாரிடம் சொல்வது? சின்ன டாங்கிலிருக்கும் வெறும் டீசலுக்கு மாற்றி, கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் கிளப்பினேன். மறுவாரமும் அதே மேடு, அதே இடம். ஆஸ்பத்திரி மேனேஜரம்மா கத்தவில்லை. "இன்னொரு தடவை லேட்டானா வேற வண்டி பாத்துக்கறேன்மா, எனக்கும் வேற வழியில்ல" என்றார். முழுக்க டீசலில் ஓட்டினால் இந்த ஓட்டம் நமக்குக் கட்டுப்படியாகாது. உனக்கே தெரியும். உன் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, எண்ணெய அடுப்புல வைங்க, எஞ்சின்ல வைக்காதீங்க" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ சொல்லிக்கொடுத்தபடிதான் செய்தேன். டீசலில் கிளப்பினேன். மீட்டர் எழுபது காட்டியதும் ஸ்விட்சைத் தட்டிப் பெரிய டாங்குக்கு மாறினேன். பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, டீசலோடு நீ சொன்ன அளவில்தான் கலந்திருந்தேன். இரண்டு தடவையும் எழுபது. அவ்வளவு சூட்டில் எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓட வேண்டும். ஃபில்டரில் சிக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் எஞ்சினை ஓடவிட்டு மூடியைத் திறந்தேன். மீட்டரில் எழுபது. ஃபில்டரைக் கையால் பிடித்தேன்.

சில்லென்று இருந்தது.

கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு குழாயைத் தடவிக்கொண்டே போனேன். எண்ணெய் சூடேற, ரேடியேட்டரின் வெந்நீர்க் குழாயை எண்ணெய்க் குழாயோடு ஒட்டிக் கட்டியிருக்கிறாய். சூடு வெளியே போகாமல் இரண்டுக்கும் சேர்த்துத் துணி சுற்றியிருக்கிறாய். எவ்வளவு நேர்த்தி. அந்தச் சுற்றுக்குள்ளேயே சென்சாரையும் செருகிவிட்டாய். அது தொட்டுக்கொண்டிருந்தது வெந்நீர்க் குழாயை. நாம் இத்தனை நாள் பார்த்துச் சந்தோஷப்பட்ட எழுபது, தண்ணீருடையது. வெயில் காலத்தில் எண்ணெய் தானாகவே இளகிக் கிடந்ததால் தெரியாமல் போயிற்று.

உன் தப்புதான். எழுதிவிட்டேன். மற்றதைக் கேள்.

வெந்நீர்க் குழாயை நீட்டி, ஃபில்டரையும் ஒரு சுற்று சுற்றவைத்தேன். உன் டப்பாவில் இன்னொரு மீட்டர் கிடந்தது. அதன் சென்சாரை ஃபில்டரைத் தாண்டி, வெந்நீர் பக்கத்தில் வராத இடமாகப் பார்த்து, எண்ணெய்க் குழாயில் தனியாகக் கட்டினேன். உன் மீட்டரை எடுக்கவில்லை. தண்ணீரின் சூடும் தெரிய வேண்டியதுதான். இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். உன்னுடையது ஓடிப்போய் எழுபதில் நின்றுகொள்ளும். என்னுடையது நடந்து வரும்.

செவ்வாய்க்கிழமை. கண்ணாடியெல்லாம் பனி. சாலையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. மீட்டர் பார்க்கும் வேலையை முன் சீட்டிலிருந்த கணக்கு டீச்சரிடம் கொடுத்தேன். அவருக்கும் அன்றைக்கு டயாலிசிஸ். பேப்பர் திருத்துகிற குரலில் படித்தார். "முப்பது. ஃபெயில்." பாலம் தாண்டியதும், "நாற்பத்தஞ்சு. கருணை மார்க்கெல்லாம் கிடையாது." பின்னால் ஒரு பழைய லாரி டிரைவர். அவரும் நோயாளிதான். "டீச்சர், பாஸ் போட்டு விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். மேடு தொடங்கும் இடத்தில் அறுபத்தெட்டு. நான் தட்டவில்லை.

"எழுபது! பாஸ்!"

தட்டினேன். எஞ்சின் சத்தம் மாறவே இல்லை. வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. போனது. வேனுக்குள் பொரிக்கிற வாசனை லேசாக ஏறியது. "பத்தியக்காரங்கள ஏத்திக்கிட்டு இப்படி வாசனை விடறியேம்மா, இது அடுக்குமா?" என்றார் லாரிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண் மறைத்தது. வளைவு வந்ததால் உடனே துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. "அடுத்த மாசமும் நீங்களே வாங்க" என்று மேனேஜரம்மா சொல்லிவிட்டார். உன் தம்பி ஃபில்டரைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினான். "சுடுது அண்ணி!" அவன் வண்டிக்கும் கட்டித் தர வேண்டுமாம்.

பெருமையாக இருக்கிறது. இதில் எவ்வளவு உன்னால், எவ்வளவு என்னால் என்று எனக்குப் பிரிக்க வரவில்லை. நீ இல்லாத ஷெட்டில் உன் வேலையைத் தொட்டுத் தொட்டுப் படித்தேன். எல்லா முடிச்சும் உன் கை. ஒன்று மட்டும் என்னுடையது.

அங்கே ஒர்க்ஷாப்பில் யாரோ ஒருவருடைய வண்டிக்கு அடியில் படுத்திருப்பாய். ஈரத் தரையில் படுக்காதே, அட்டை விரித்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாக இரு. லீவு கேட்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். பார்த்துக்கொண்டேன். இப்போது லீவு கேள்.

உன் வேனின் டிரைவரம்மா

பி.கு: கையெழுத்துப் போட்டபின் ஷெட்டுக்குப் போய் பெரிய டாங்கை நிரப்பிவிட்டு வந்தேன்.