நூற்றுப் பத்தொன்பது

மார்ச் 3
நீண்ட யோசனைக்குப் பிறகு, இன்று காலை பதினொன்று இருபதுக்கு, 118 என்ற எண்ணை 119 ஆக்கினேன். சாட்சிகள் யாரும் இல்லை. ஏசி மட்டும் ஒருமுறை முனகியது.

பின்னால் குழம்பாமலிருக்க எழுதி வைக்கிறேன். எண்ணெய் வயலிலிருந்து வரும் கல்லில் பென்சில் துண்டளவு வெட்டி, ஸ்கேன் எடுத்து, என் கணினிக்கு அனுப்புவார்கள். படம் முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளிகள். எந்தச் சாம்பல் வரை ஓட்டை, எதற்கு மேல் கல் என்று ஓர் எண்ணால் நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிறகு கணினி அந்த ஓட்டைகள் வழியே எண்ணெயை ஓட்டிப் பார்க்கும். 118இல் சொட்டுக்கூட நகரவில்லை. 119இல் ஒரே ஒரு புள்ளி திறந்தது, எண்ணெய் பாய்ந்தது. கல் எவ்வளவு வழி விடுகிறது என்பதற்கு விடை: 14.

மனைவியிடம் சொன்னேன்.

"ஒரே புள்ளியா?"

"ஒரே புள்ளிதான்."

"சரி, கொடியில காயற துணிய எடுத்துட்டு வாங்க."

மார்ச் 9
அதே கல்லின் மீதித் துண்டுக்குள் நிஜ எண்ணெயை அழுத்திப் பார்ப்பவர் கீழ்த்தள ஆய்வகக்காரர். என் மனைவியின் அண்ணன். அவர் விடை: 0.

"மாப்ள, உங்க கல்லு சினிமாவுல ஓடுது. என் கல்லு கல்லுளிமங்கனா உக்காந்திருக்கு."

கல்லில் நார் உரித்தவர்களும் உண்டு மச்சான் என்றேன்.

"உரிச்சு அனுப்புங்க. கட்டிப் பாக்கறேன்."

மார்ச் 12
இயக்குநரின் சுற்றறிக்கை. ஒரு கல்லுக்கு இரண்டு விடை எதற்கு என்கிறார். இருபத்தைந்தாம் தேதிக்குள் ஒத்துப்போகாவிட்டால் இரு பிரிவில் ஒன்று மூடப்படும். எது என்று சொல்லவில்லை.

மனைவி சொன்னாள்: "அண்ணனுக்கு வேல போனாலும் இங்கதான் வந்து உக்காருவாரு. ரெண்டுல எது நடந்தாலும் எனக்குத்தான் தொல்ல. பேசி முடிங்க."

மார்ச் 15
பேசவில்லை.

மார்ச் 20
119க்கு என்ன ஆதாரம்? சரி, 118க்குத்தான் என்ன ஆதாரம்? மச்சான் பிள்ளைகுட்டிக்காரர் — எனக்கும் அவரை விட்டால் வேறு மச்சான் ஏது — என்றெல்லாம் யோசித்து, மானத்தைக் கொடியில் போட்டுவிட்டு 118க்குத் திரும்பினேன். விடை: 0.

மார்ச் 21
மச்சான் மாடியேறி வந்தார். பதினோரு ஆண்டுகளில் முதல்முறை.

"மாப்ள, ஓடிருச்சு. பதிமூணு."

"எப்படி?"

"கை தவறிருச்சு. மேசையிலேர்ந்து கீழ. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியல. உள்ள எங்கயோ விரிசல் விட்டிருக்கு."

"நான் உங்களுக்காக நேத்துதான் சைபராக்கினேன்."

ஏசி ஒருமுறை முனகியது.

"நீங்களே திரும்ப ஏத்திடுங்க மாப்ள. நான் இன்னொரு தடவ போட்டா தூளாயிரும்."

மார்ச் 24
119. எனக்கு 14, அவருக்கு 13. ஒன்று கூடக்குறைய இருப்பது குடும்பத்துக்குள் சகஜம். இயக்குநர் எங்கள் இருவர் கையையும் ஒரே சமயத்தில் குலுக்கினார். இரு பிரிவும் தொடரும். இனி எல்லாக் கல்லுக்கும் இதேபோல் வர வேண்டுமாம். ஆய்வகத்தில் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதித் தரும்படி மச்சானிடம் சொன்னார். மச்சானுக்குப் பொய் எழுத வராது.

ஜூன் 2
செய்முறைக் கையேடு அச்சாகி வந்தது. ஆறாம் பக்கம், நான்காம் படி: 'மாதிரியை மேசை உயரத்திலிருந்து ஒருமுறை தரையில் விடவும்.' இதுவரை பதினொரு கற்கள் ஒத்துப்போயிருக்கின்றன. கீழ்த்தளத்தில் தரை ஓடு நான்கு மாற்றினார்கள்.