கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

என் தங்கத்துக்கு,

நீ ஒலி அமைச்ச படத்தை நேத்து நானும் அப்பாவும் பார்த்தோம். காது போனவளுக்கு எதுக்கு சினிமான்னு முனகிக்கிட்டேதான் போனேன். உன் பேரு திரையில வந்தப்போ அப்பா குனிஞ்சு செருப்பைச் சரிபண்ணினார்.

அந்த ரயில் காட்சி இருக்கே! மகள் உள்ளே உட்கார்ந்திருக்கா. மூடின ஜன்னலுக்கு வெளியே அவ அப்பா வண்டியோடவே ஓடி வந்து ஏதோ கத்துறார். கேமரா வெளியே போகவே இல்லை, கண்ணாடி வழியா அவர் வாயையே பார்த்துக்கிட்டு நிக்குது. சுத்தி இருந்தவங்க மெல்றதைக்கூட நிறுத்திட்டாங்க. நீ சத்தத்தை மொத்தமா எடுத்துட்டேன்னு அப்போதான் புரிஞ்சுது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சுடா. அந்தத் தியேட்டரே எழுந்து என் பக்கத்துல வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அப்பா என் தோளைத் தட்டினார். திரை வெளிச்சத்துல அவர் உதட்டைப் படிச்சேன். "அவன் என்ன சொல்றான்?"

அத்தனை பேர்ல எனக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்தது.

"தப்பு என்மேலதான், வீட்டுக்கு வந்துடுன்னு சொல்றார்"னு சொன்னேன்.

அதுக்கப்புறம் அப்பா படம் பார்க்கலை. காலையில, நீ வீட்டை விட்டுப் போனதுலேர்ந்து பூட்டிக் கிடந்த உன் அறையைத் திறந்து, கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டுக்கிட்டிருந்தார்.

உன் அம்மா