கைகளில் நீலம்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

இவருடைய கைகளில் நீலம் நீலமாக இரத்தம் கண்டியிருப்பது கப்பலைக் கரையில் கட்டும் கயிறு பட்டதால்தான் என்று மூன்று வாரமாக நம்பினேன். துறைமுகத்தில் எல்லோருக்கும் அப்படி வரும் என்று இவரும் சொன்னார். பின்னேரங்களில் எண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிட்டேன்.

இன்று டொக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இரத்தப் புற்றுநோயாம்; கையில் நீலம் பிடிப்பதும் அதனால்தானாம். போன வருடம் நெஞ்சுக் கட்டியை எடுத்து, புற்றுநோய் மருந்தும் ஏற்றி, சுகம் என்றுதானே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"அப்ப ஏத்தின மருந்தாலயா, டொக்டர்?"

"இல்லை அம்மா. அந்தக் கட்டி வந்த அதே உயிர்க்கலத்திலயிருந்துதான் இதுவும் வந்திருக்கு. கருவில இருக்கேக்கயே வழிதவறி நெஞ்சில தங்கின கலம் அது."

மருந்தில் பிழை என்றால் யாரையாவது திட்டியிருப்பேன். இவர் பிறக்க முன்னமே தொடங்கியதற்கு யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

பஸ்ஸில், "என்னவாம்?" என்று கேட்டார். இரத்தத்தில் சத்துக் குறைவாம் என்றேன்.

பொழுதுபட்டதும் வழமைபோல் கதிரையில் இருந்து கையை நீட்டினார். எண்ணெயைச் சூடாக்கினேன். தொடவே பயமாக இருந்தது.

"என்ன, சும்மா தடவுறீர்? கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சுவிடுமன்."

ஓம் என்றேன். அழுத்த ஏலவில்லை.