பூங்கொடியின் நாலு வயது

7.8.2004, சனி

ஆடிக் காற்று. அரியலூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கப் புழுதி. சிமெண்ட் லாரிகள் வேறு. வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் நீலப் புடவை சாம்பல் நிறம்.

பட்டப்படிப்பின் முதல் வகுப்பு. மழலையர் கல்வி. வேலையை விடாமலே படிக்கலாம் என்பதால்தான் சேர்ந்தேன். வார நாட்களில் பால்வாடி, சனி ஞாயிறு இங்கே. சொல்லிக் கொடுப்பதை அவரவர் பிள்ளைகளிடம் செய்து பார்த்து எழுதி வர வேண்டுமாம். பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டது. முழங்கால் இடித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தொன்பது வயதில் இது எனக்குத் தேவையா என்று வீட்டில் இவர் காலையில் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது.

வாங்க: கோடு போட்ட நோட்டு, பசை, கலர் பேப்பர், வீட்டுக்கு மிளகு.

எல்லோரும் எழுந்து பெயர், ஊர் சொன்னோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் வகுப்பிலேயே சின்னவள். பெயர் பூங்கொடி. பெரம்பலூரில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். பிறந்தது சோழபுரத்துப் பக்கம். சொல்லிவிட்டு உட்காரும்போது தலை திருப்பினாள். இடது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவு கறுப்புத் தழும்பு.

என் பிள்ளை. என் முதல் பால்வாடிப் பிள்ளை.

அவள் என்னைப் புதிதாகத்தான் பார்த்தாள். ஒரு பேனா இருந்தால் கொடுங்கள் டீச்சர் என்றாள். கொடுத்தேன்.

8.8.2004, ஞாயிறு

இன்றும் அவள் பக்கத்தில்தான் இடம். இன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உனக்கு மூக்குத் துடைத்துவிட்டவள் நான் என்றா?

நான் முதலில் வேலை பார்த்த அந்த ஊர் கண்ணிலேயே நிற்கிறது. எனக்கு இருபது வயது. ஒற்றை அறைப் பால்வாடி, மேலே சிமெண்ட் ஷீட். மதியத்தில் உள்ளே உட்கார முடியாது. பிள்ளைகளை எல்லாம் வேப்பமரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போவேன். எனக்குத் தெரிந்த பாட்டு மொத்தமே நாலைந்துதான். அவற்றையே வருஷம் முழுக்கப் பாடினோம். அவ்வளவு சந்தோஷமாக அதற்கப்புறம் வேலை பார்த்திருக்கிறேனா, தெரியவில்லை.

பூங்கொடியின் அம்மா அலமேலு. முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. அந்த எண்ணெய் பட்டுப் பட்டு உள்ளங்கை இரண்டும் கரிச்சட்டி. பிள்ளை முகத்தை எப்போதும் புறங்கையால்தான் துடைப்பாள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து உடைத்தபோது எண்ணெய் தெறித்து வந்ததுதான் காதோரத் தழும்பு. சேர்க்க வந்த அன்று, நான் கேட்பதற்கு முன்னாலேயே, அதைச் சொல்லி அழுதாள்.

அடுத்த வருஷமே மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பெரம்பலூரிலிருந்து அத்தை வந்து பிள்ளையைக் கூட்டிப் போனாள். பஸ் ஜன்னலில் பன் தின்றுகொண்டே எனக்கு டாட்டா காட்டியது. ஊருக்குப் போகிறோம் என்ற குஷி அதற்கு.

10.8.2004, செவ்வாய்

முட்டை வண்டி வரவில்லை. புதுப் பையன் பக்கத்துப் பெண்ணைக் கடித்துவிட்டான். 'கடிக்கும் பழக்கம், காரணங்கள்' என்று பாடத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. இவன் எந்தக் காரணத்திலும் சேரவில்லை.

நான் எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்த்து ஆயா சரோஜா: "புள்ளைவொள பாக்கறத வுட்டுட்டு நோட்டையே பாக்கறீங்களே டீச்சர்."

14.8.2004, சனி

புழுக்கம். வகுப்பில் ஃபேன் ஓடவில்லை.

இன்று நினைவாற்றல் பாடம். மூன்று வயதுக்கு முன்னால் நடந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்காது, அதற்கப்புறம் உள்ளதும் துண்டு துண்டாகத்தான் என்றார் சார். திருச்சியிலிருந்து வருபவர், சின்ன வயதுக்காரர். பின் பெஞ்சிலிருந்து ஒரு அம்மா, "அப்ப நாம பண்றதெல்லாம் எந்தக் கணக்குல சார் சேரும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷம். ஒரு பிள்ளைக்கும் என்னைத் தெரியாது. எனக்குத்தான் எல்லாவற்றையும் தெரியும்.

எழுதி வர வேண்டியது: உங்களுடைய முதல் நினைவு, இரண்டு பக்கம்.

15.8.2004, ஞாயிறு

கொடியேற்றம், மிட்டாய். வகுப்பு லீவு.

என் முதல் நினைவு: அரியலூர் ரயில்வே கேட். அப்பா தோளில் தூக்கிக் காட்டிய கூட்ஸ் வண்டி. அவர் சட்டையில் பீடி வாசம். எழுத ஆரம்பித்தேன், மூன்று பக்கம் போய்விட்டது. நடுவில் கண் கலங்கியதைப் பார்த்து இவர், படிப்பு அவ்வளவு கஷ்டமா என்று கேட்டார்.

21.8.2004, சனி

சொல்லிவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரம். பூங்கொடி என் நோட்டைக் கேட்டாள். எதற்கு என்றேன்.

"உங்களோடதப் பாத்து மாத்தி எழுதிக்கிறேன் டீச்சர். எனக்கு எழுத ஒண்ணும் இல்ல."

அஞ்சு வயதில் பெரம்பலூர் அத்தை வீட்டு முற்றம், அதற்கு முன்னால் வெறும் இருட்டு. அம்மாவை நினைவில்லை, ஒரு போட்டோகூட இல்லை. அத்தை கல்யாணமாகி அப்போதே பெரம்பலூர் போய்விட்டதால் அவருக்கு அம்மாவோடு அதிகப் பழக்கமில்லை. அப்பா வேறு கல்யாணம் கட்டிக்கொண்டு போனவர், இந்தப் பேச்சையே எடுப்பதில்லை. இதையெல்லாம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

"உங்க அம்மா பேரு அலமேலு. நான் உனக்குப் பால்வாடி டீச்சர்மா," என்றேன்.

தழும்பு வந்த கதையையும் புறங்கையால் முகம் துடைப்பதையும் சொன்னேன். அவள் கை தானாகக் காதோரம் போயிற்று. டப்பாவை மூடினாள். மதியம் வேறு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

28.8.2004, சனி

பூங்கொடி வரவில்லை. நேற்று ராத்திரி இங்கே மழை. பெரம்பலூர்ப் பக்கம் பஸ் இல்லையோ?

29.8.2004, ஞாயிறு

இன்றும் வரவில்லை. போன ஞாயிறும் வராதவள்தான். அந்தப் பக்கம் பஸ்ஸெல்லாம் ஓடுகிறதாம், கேட்டேன். இப்படியே வராமல் இருந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்று சார் சொன்னார். மூடிக் கிடந்ததை நான் ஏன் கிளறினேன்? அவள் படிப்பும் போய்விட்டால்?

2.9.2004, வியாழன்

கடிக்கிற பையன் இன்று கடிக்கவில்லை. சரோஜா மடியில் தூங்கிவிட்டான்.

4.9.2004, சனி

வந்துவிட்டாள். நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நடந்தது இதுதான். அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவைப் பற்றி அத்தையிடம் கேட்டிருக்கிறாள். அத்தை அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். இத்தனை வருஷம் வளர்த்தது கணக்கில் வரவில்லையா என்று ஒரே அழுகை. இவள் வகுப்புக்கே போவதில்லை என்று நின்றுவிட்டாள். கடைசியில் நேற்று அத்தையே கூப்பிட்டு, "போயிட்டு வா. நான் பாக்காதத அந்த டீச்சரு பாத்துருக்கு, கேட்டுக்க," என்றாராம்.

சொல்லி முடித்துவிட்டு மெதுவாக, "வேற என்ன ஞாபகம் இருக்கு டீச்சர்?" என்றாள்.

அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டாள். எவ்வளவோ யோசித்தேன். எனக்கு நினைவில்லை. இல்லை என்றே சொன்னேன். இட்டுக்கட்டிச் சொல்லக் கூடாது இவளிடம்.

10.10.2004, ஞாயிறு

வகுப்புக்கு ஒரு ஞாபகமாகக் கேட்கிறாள். வீட்டுக்கு வந்ததும் யோசித்து வைத்துக்கொள்கிறேன். இதுவரை சொன்னது:

தன் பெயரைப் 'பூங்கொயி' என்பாள்.
தூங்கும்போது என் முந்தானை நுனி வேண்டும்.
மழை வந்தால் அம்மா யூரியா சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டு வருவாள், அதற்குள் இரண்டு பேரும் போவார்கள்.
அம்மா உயரம். வாசலில் குனிந்துதான் வருவாள்.

உயரம் என்றதும் பூங்கொடி எழுந்து நின்று காட்டினாள். இவ்வளவா என்றாள். இன்னும் கொஞ்சம் என்றேன்.

விசித்திரம்: அவளுக்காக நினைக்கப்போய் எனக்கு என் இருபது வயது திரும்ப வருகிறது. வேப்பம்பழ வாசம், பாய் விரிக்கும் சத்தம், யாருக்கும் பயப்படாமல் உரக்கப் பாடியது.

நவம்பர், தேதி பார்க்கவில்லை

அடை மழை. பால்வாடி ஒழுகுகிறது. பிள்ளைகள் ஆறு பேர்தான். பரீட்சைக்கு ஒன்றும் படிக்கவில்லை. மகள் பத்தாம் வகுப்புக்குப் படிக்க, நானும் எதிரே உட்கார்ந்து படிக்கிறேன். எனக்கு முன்னால் அவள் தூங்கிவிடுகிறாள்.

18.12.2004, சனி

பனி. ஸ்வெட்டர் இல்லாமல் வந்தது தப்பு.

பரீட்சை முடிந்தது. பரவாயில்லாமல் எழுதியிருக்கிறேன். நினைவாற்றல் பற்றிக் கேட்டிருந்தார்கள், பாடத்தில் உள்ளபடியே எழுதினேன். பூங்கொடியும் கடைசி வரை எழுதினாள்.

இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பெரம்பலூர் பஸ் நின்றிருந்தது. ஏறப் போனவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எல்லாம் நல்லதாவே சொல்றீங்க டீச்சர். அம்மாவுக்குக் கோவமே வராதா?"

வரும் என்றேன். ஒரு நாள் வந்தது. இவள் தனக்குக் கொடுக்கிற சத்துமாவு உருண்டையைத் தினமும் வாசலுக்கு வரும் ஆட்டுக்கு ஊட்டிவிட்டுப் பசியோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அலமேலு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கொட்டை உடைக்கிற கட்டையும் கையுமாக என் வாசலில் வந்து நின்றாள். "இங்க எம்புள்ளைக்குப் போடறீங்களா, ஆட்டுக்குப் போடறீங்களா?" என்றாள். என் பின்னாலிருந்து இவள் தலையை நீட்டி, "ரெண்டு பேருக்கும்," என்றாள்.

"அடிச்சாங்களா?"

"ஒண்ணு வெச்சாங்க, முதுகுல. வெச்சிட்டு அவங்களே சிரிச்சிட்டாங்க."

பூங்கொடி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்டக்டர் விசில் கொடுத்தார். காலைப் படியிலிருந்து எடுத்தாள்.

"அடுத்த பஸ்ல போறேன்," என்றாள். "ஆடு யார் வூட்டுது டீச்சர்?"